மஞ்சள் கோட்டுக்கு அந்தப்புறம்

அத்தியாயம் 11

கம்பெனி பஸ்ஸில் மாமனார் முன் சீட்டிலும் மருமகள் கடைசி சீட்டிலும் உட்கார்ந்து போவது திண்டிவனம் ரூட்டில் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. டிரைவர்கூட இப்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அன்று வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சவரிராயன் ஏறியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளவரசி அவரைத் தாண்டிப் போனாள். ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றை ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக்கொண்டு, ஒரே ஸ்டாப்பில் நின்று ஏறியவர்கள்.

பேசாதது அவர்தான். வந்த புதிதில் அவள், "மாமா, மழ வர்ற மாதிரி இருக்குது, குடை எடுத்துக்கங்க" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் மனைவி பக்கம் திரும்பி, "கொடை வாணாம்னு சொல்லு செல்வி" என்பார். இளவரசி கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருப்பாள்.

மாதா கோயிலில் பாதிரியார் மந்திரிக்காத கல்யாணம். அவர் மனசு ஆறாததற்கு அதுதான் காரணம். மகன் பிரான்சிஸ் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படிக்கும்போது பழகிய பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக் கூட்டி வந்து நிறுத்தினான். ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. திருவெண்ணெய்நல்லூரில் அவளுடைய அப்பா சுப்பராயலு, "எனக்குப் பொண்ணே இல்ல" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டு, கரும்பு வெட்டப் போய்விட்டார். அந்த வீட்டுக்கும் போக முடியாது. இந்த வீட்டிலும் பாதி ஆள்தான்.

பஸ் சிப்காட் கேட்டுக்குள் திரும்பியது. மேனேஜர் பாண்டுரங்கன் வைத்த கெடு இன்றைக்கு முடிகிறது.

அந்தக் கம்பெனியில் ஃப்ரிட்ஜ் கதவுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறார்கள். மெஷின் பக்கத்தில் இருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரில் இருந்து லாரி நிற்கும் இடத்துக்கும் பெட்டிகளை முன்பெல்லாம் ஆட்கள்தான் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். போன ஐப்பசியில் ரோபோக்கள் வந்தன. முழங்கால் உயரம்கூட இல்லாத தட்டையான வண்டிகள். தள்ளுவண்டிக்கு அடியில் நுழைந்து, அதை முதுகில் தூக்கிக்கொண்டு, யாரும் ஓட்டாமல் தானாகவே போகும். எதிரே ஆள் வந்தால் நின்றுவிடும். லோடிங் ஆட்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள்.

ஆமைகள் போகிற பாதையின் இரண்டு பக்கமும் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப்புறம் ஆட்கள் கால் வைக்கக் கூடாது.

ஆமைகளை மேய்ப்பது இளவரசியின் வேலை. கையில் இருக்கும் டேப்லட்டில் எது எங்கே போகிறது, எது நின்றுவிட்டது என்று தெரியும். இரண்டு வாரமாக ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவை காரணமில்லாமல் நின்றன. ஒரு பக்கம் இரும்பு ரேக், மறுபக்கம் சுவர். கேமரா கண்ணுக்கு எட்டாத இடம். அவள் போய்ப் பார்ப்பதற்குள் ஆமை தானாகவே கிளம்பிவிடும். ஆனால் ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். மெஷின் பக்கம் பெட்டிகள் மலையாகக் குவியும்.

"யாரோ வேணும்னே குறுக்க போய் நிக்கறாங்க. லோடிங் ஆளுங்கதான்" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் பாண்டுரங்கன் போன வாரமே முடிவு கட்டிவிட்டார். "இன்னும் ரோபோ வந்தா நம்ம வேலை போயிடும்னு பண்றானுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு புடிச்சுக் குடு. இல்லாட்டி காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி மொத்த கேங்கையும் மாத்திடுவேன்."

லோடிங் கேங்கில் எட்டுப் பேர். அதில் ஒருவர் அவளுடைய மாமனார்.

*

டீ நேரம் முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு ஆமை நின்றது. அதே சந்து.

இளவரசி ஓடினாள். இந்த முறை யாரையாவது பார்த்துவிட வேண்டும். பார்த்தால் என்ன செய்வது என்று மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

சந்து முனையில் இன்னொரு ஆமை வழி கிடைக்காமல் விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனாள். நின்றுபோன ஆமையின் முதுகில் தலைக்கு மேல் உயரமாகப் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி. ரேக் முடிகிற இடத்தில் தீயணைப்புக் குழாய்க்காக விட்டிருந்த குழிவான மூலையை அந்த வண்டி அடைத்துக்கொண்டு நின்றது.

மூலைக்குள் ஒரு ஆள் இருந்தான். பெட்டிகளின் இடைவெளியில் காக்கிச் சட்டை தெரிந்தது. கொஞ்சம் நரைத்த தலை தெரிந்தது.

"மாமா?"

நரைத்த தலை இன்னும் உள்ளே ஒடுங்கியது.

ஆமை வருவதைப் பார்த்து, அது போகட்டும் என்று மூலையில் ஒதுங்கியிருக்கிறார். திரும்பும்போது அவர் காலைக் கண்டு அது நின்றுவிட்டது. அவர் விலகினால்தான் அது நகரும். அது நகர்ந்தால்தான் அவர் விலக முடியும்.

"மாமா, அடி பட்டுச்சா?"

"இல்ல."

இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

டேப்லட்டில் பின்னால் போகச் சொல்லி அழுத்திப் பார்த்தாள். ஆமை அசையவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்வரை அசையாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதை மீறி நகர்த்த ஒரு சாவி வேண்டும். சாவி பாண்டுரங்கனிடம் இருந்தது.

"இருங்க மாமா. சாவி வாங்கிக்கினு வந்துடறேன்."

"வாணாம்." குரல் அவசரமாக வந்தது. "யாரையும் கூப்டாத."

அவளுக்குச் சுரீர் என்றது. அப்படியானால் இவர்தானா? எட்டுப் பேர் தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டவர் இவர்தானா?

"நீங்கதானா மாமா? ரெண்டு வாரமா நீங்கதான் நிறுத்திக்கினு இருக்கீங்களா?"

உள்ளே காக்கிச் சட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"உங்களால மொத்த கேங்குக்கும் வேல போவப் போவுது, தெரியுமா? பச்சமுத்து அண்ணனுக்கு இப்பதான் குழந்த பொறந்திருக்குது. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள நான் பேரு சொல்லணும். உங்க பேரையா மாமா நான் போய் சொல்லுவேன்?"

பேசிக்கொண்டே அவள் பெட்டிகளை இறக்க ஆரம்பித்திருந்தாள். வண்டி நகராவிட்டாலும் பெட்டிகளை எடுத்துவிட்டால் அவர் ஏறித் தாண்டி வந்துவிடலாம். மேல் வரிசை கைக்கு எட்டவில்லை. வண்டியின் ஓரத்தில் காலை ஊன்றி ஏறி எடுத்தாள். ஒவ்வொரு பெட்டியாக இறங்க இறங்க, முதலில் அவர் நெற்றி தெரிந்தது. பிறகு கண். கண் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு வரிசை இறக்கியபோது வாடை வந்தது.

அவள் கை நின்றது. பேன்ட்டின் முன்பக்கம் தொடைவரை நனைந்து கறுத்திருந்தது. இரண்டு கைகளாலும் தொப்பியைப் பிடித்து அதை மறைத்துக்கொண்டு நின்றார், திருட்டுப் பண்டத்தோடு பிடிபட்டவர் மாதிரி.

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே அடுத்த பெட்டியை எடுத்தாள்.

அவராகப் பேச ஆரம்பித்தார்.

"பாத்ரூம் அந்தாண்ட இருக்குதில்ல."

"ம்."

"மின்னாடி நேரா போய்டுவேன். இதுங்க வந்தப்பறம் ஷெட்ட சுத்திக்கினு போவச் சொல்றான். அவ்ளோ தூரம் போறதுக்குள்ள நிக்க மாட்டேங்குது. இப்டி பூந்து போனா தாங்கும். நான் வேணும்னு எதையும் நிறுத்தல."

"எத்தினி நாளா இப்டி இருக்குது மாமா?"

"பொங்கலுக்கு மின்னாடில இருந்து."

அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் தொடாமல் திரும்பி வருகிறது என்று அத்தை புலம்புவது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதியில் எழுந்து வெளியே போவது. போன மாசம் கோட்டக்குப்பத்தில் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இத போய் யாருகிட்ட சொல்லுவாங்க?"

சொல்லவே கூடாது என்று அவர் நினைத்திருந்தவர்களில் முதல் ஆள் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

பெட்டிகள் இடுப்பளவுக்கு இறங்கியதும் கை கொடுத்தாள். ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவர் பிடித்துக்கொண்டார். வண்டிமேல் ஏறி இந்தப் பக்கம் இறங்கினார். காலை ஊன்றியதும் தடுமாறினார்.

அதே நேரம் சந்து முனையில் ஷூ சத்தம் கேட்டது. "இளவரசி, ஏன் இன்னும் க்ளியர் ஆவல?"

பாண்டுரங்கன்.

சவரிராயனின் முகம் வெளுத்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். அவருடைய இடுப்புக்குக் கீழே முழுவதையும் கவிழ்த்தாள். மிச்சத்தைத் தரையில் ஊற்றினாள்.

"ஐயோ, பாட்டில் கொட்டிடுச்சி மாமா" என்றாள், மேனேஜருக்குக் கேட்கும்படி.

ஆனால் பாண்டுரங்கன் தண்ணீரைப் பார்க்கவில்லை. இறக்கிவைத்த பெட்டிகளைப் பார்த்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப்புறம் நிற்கிற லோடிங் ஆளைப் பார்த்தார்.

"ஓ" என்றார். "மாட்டிக்கினாரா."

*

கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். பாண்டுரங்கன் மேஜைக்குப் பின்னால். காண்ட்ராக்டர் ஜெகதீசன் அவர் பக்கத்தில். எதிரே சவரிராயன் ஈரப் பேன்ட்டோடு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காராமல். கேங்கில் பேசக்கூடிய ஆள் என்று பச்சைமுத்துவையும் கூட்டி வந்திருந்தார்கள். வெளியே மற்ற ஆட்கள் வேலை செய்வதுபோல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெகதீசனின் கோபம் பச்சைமுத்து மேல்தான் பாய்ந்தது.

"அவரு வயசானவரு. அவருக்கு இதெல்லாம் தோணாது. நீதான ஏத்திவுட்ட? கேன்டீன்ல உக்காந்துகினு ஆமைய கவுத்துப் போடணும்னு சொன்னவன் நீதான?"

"தமாஷுக்கு சொன்னேங்க. சத்தியமா நான் அந்தப் பக்கமே போனதில்ல."

"தமாஷு. நாளைல இருந்து நீ வர வாணாம். வேற ஆளுங்க எனக்கு ரெடியா இருக்காங்க, தெரிஞ்சுக்கோ."

பச்சைமுத்து சவரிராயனைப் பார்த்தான். ஏதாவது சொல்லுங்கண்ணே என்று கேட்கிற பார்வை. சவரிராயன் தரையைப் பார்த்தார்.

இளவரசியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் போதும். யாருக்கும் வேலை போகாது.

"சார், இதுல யார் மேலயும் தப்பு இல்ல. மாமாவுக்கு வந்து..."

"நான்தான் சார்."

சவரிராயன் நிமிர்ந்திருந்தார். குரல் உரத்து வந்தது.

"நான்தான் நிறுத்தினேன். வேணும்னேதான் நிறுத்தினேன். இந்த மிஷினுங்க வந்து எங்க பொழப்புல மண்ணப் போடுது. அதனால நிறுத்தினேன். பச்சமுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யாருக்கும் சம்பந்தமில்ல."

இளவரசி அவரையே பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. கலகக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போக அவர் தயாராகிவிட்டார். அந்த ஈரத்துக்கு உண்மையான காரணத்தை இந்த அறை தெரிந்துகொள்வதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"ஒத்துக்கினாரு. அதுவரைக்கும் நல்லது" என்றார் பாண்டுரங்கன். "ஜெகதீசன், இவரோட கேட் பாஸ வாங்கிக்குங்க. திங்கக்கெழம ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. போலீசுக்குப் போறதா வாணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

பிறகு இளவரசி பக்கம் திரும்பினார். கதவு திறந்தே இருந்தது.

"வெரி குட் இளவரசி. சொந்த மாமனார்னுகூட பாக்காம புடிச்சுக் குடுத்த பாரு. இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

வெளியே நின்றவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது. பச்சைமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

*

பர்மிஷன் கேட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சவரிராயன் பைபாஸ் ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். வெயிலில் பேன்ட் காய்ந்துவிட்டிருந்தது. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

கொஞ்சம் தள்ளி நின்றாள். பழக்க தோஷம். பிறகு கிட்டே போனாள்.

"ஏன் மாமா அப்டி சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது?"

"உடம்பு முடியலன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது எல்லாருக்கும் வர்றதுதான். மருந்து இருக்குது. இப்பவே விழுப்புரம் பஸ்ஸு ஏறினா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில எறங்கிக் காட்டிட்டு வந்துடலாம்."

அவர் ரோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்தபடி பேசினார்.

"எங்க பெரியப்பாவுக்கு இதேதான். வேட்டில போய்டுவாரு. ஊரு பூரா அவுருக்கு ஒரு பேர் வெச்சிது. பசங்க பின்னாடியே அத சொல்லிக்கினு ஓடுவானுங்க. அவுரு செத்தப்ப, கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டிக்கினு இருந்தவன்கூட அந்தப் பேர சொல்லித்தான் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்ப நான் எளவட்டம்."

பேன்ட்டில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வேல போனா போவட்டும். கொடி புடிச்சி போச்சின்னு இருக்கட்டும்."

"போலீஸ்னு சொல்றாங்களே மாமா."

"பாத்துக்கலாம்."

"சரி. நான் வாயத் தொறக்கல. ஆனா நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். திங்கக்கெழமைக்குள்ள."

அவர் யோசித்தார். ஒரு பஸ் வந்து நின்று, இருவரும் ஏறாததைப் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

"செல்விக்கும் தெரியக் கூடாது. பையனுக்கும் தெரியக் கூடாது."

"அவருக்காவது சொல்லிடலாமே மாமா."

"கூடாது. சத்தியம் பண்ணு. நீ எந்த சாமிய கும்புடறியோ அந்த சாமி மேல பண்ணு."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவளுடைய சாமியைப் பற்றி யாரும் பேசியதில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் ஒரு சின்ன அம்மன் படம் வைத்திருந்தாள்.

"அங்காளம்மா மேல சத்தியம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. ஏறினார்கள். அவர் ஜன்னல் ஓரம் நகர்ந்து இடம் விட்டார். அவள் தயங்கி, பக்கத்தில் உட்கார்ந்தாள். திண்டிவனத்தில் ஒன்றாக இறங்கினார்கள்.

*

வீட்டு வாசலில் பிரான்சிஸின் பைக் நின்றது. விழுப்புரம் சர்வீஸ் சென்டரில் இருந்து இந்த நேரத்துக்கு அவன் வந்ததே இல்லை.

சவரிராயன் முதலில் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை லூர்துசெல்வி அழுது முடித்த முகத்தோடு அடுக்களை வாசலில் நின்றாள். மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பச்சமுத்து போன் பண்ணினான்" என்றான் பிரான்சிஸ். சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. கை கழுவாமல் ஓடி வந்திருக்கிறான். "மேனேஜரு உன்ன எல்லாருக்கும் மின்னாடி மெச்சிக்கினாராமே."

இளவரசி பையை இறக்கி வைத்தாள்.

"நெஜமா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அவரு சொன்னது நெஜம்."

"அப்பாவ நீதான் புடிச்சுக் குடுத்தியா?"

அவள் நாற்காலிப் பக்கம் பார்த்தாள். சவரிராயன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனப்ப மாமா அங்க இருந்தாங்க. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

"அவ்ளோதான்னா இன்னா அர்த்தம்? நீ பாத்தா என்ன, பாக்காத மாதிரி திரும்பி வந்துட்டா என்ன? மிஷினு ரெண்டு நிமிஷம் நின்னா கம்பெனி முழுவிடுமா?"

"அவள ஏன்டா கேக்கற, என்னக் கேளு" என்றாள் லூர்துசெல்வி. "நான் சொன்னேன். அவுரு இந்தப் பொண்ணுகிட்ட பேசலன்னு மனசுல வெச்சிக்கினு இருக்கும்னு அப்பவே சொன்னேன். ரெண்டு வருஷமா வெச்சிருந்து இப்ப தீத்துக்கிச்சி."

"அத்த, அப்டிலாம் இல்ல அத்த."

"வேற எப்டி? சொல்லு. கேட்டுக்கினுதான இருக்கேன்."

சொல்லலாம். நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தைக்கு மேல் அங்காளம்மா உட்கார்ந்திருந்தாள். அதோ நாற்காலியில் அவரும் உட்கார்ந்திருந்தார், தோள் குறுகி, இன்றைக்கு மூலையில் நின்றிருந்த அதே மாதிரி.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

பிரான்சிஸ் அவளை வெகுநேரம் பார்த்தான். ஊரை எதிர்த்து, இரண்டு வீட்டையும் எதிர்த்து அவள் கையைப் பிடித்தவன். அந்தக் கண்ணில் இப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை.

"உங்க அப்பா வீட்டுக்கு வேணா கொஞ்ச நாள் போய் இரு" என்றான்.

போக அப்பா வீடு இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். சொன்னதும் அவனே முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது.

சவரிராயன் நாற்காலியில் அசைந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது வாசலில் பைக்குகள் வந்து நின்றன. ஒன்றல்ல, மூன்று நாலு. செருப்பைக் கழற்றும் சத்தம். முதலில் பச்சைமுத்து உள்ளே வந்தான். பின்னாலேயே லோடிங் கேங் மொத்தமும். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார்கள். சின்ன முன்னறை நிறைந்துவிட்டது. ஒருத்தன் கையில் ஆப்பிள் பை.

பச்சைமுத்து நேராக சவரிராயன் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவர் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"அண்ணே. என் வேல போவ இருந்துச்சி. என் பொண்டாட்டி குழந்தய வெச்சிக்கினு நடுத்தெருவுல நின்னிருப்பா. நீங்க உங்க தலைல எடுத்துப் போட்டுக்கினீங்க. நாங்கள்லாம் வாயால பேசிக்கினு இருந்தோம். நீங்க ஒருத்தர்தான் போயி குறுக்க நின்னீங்க."

"விடு பச்சமுத்து" என்றார் சவரிராயன் கரகரப்பாக.

"விட மாட்டோம்ணே. எல்லாரும் பேசிட்டோம். நாளைக்கு காலைல ஒருத்தனும் உள்ள போவப் போறதில்ல. கேட்டாண்ட உக்காரப் போறோம். உங்க பாஸ திருப்பிக் குடுக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டோம். கம்பெனிக்கே தெரியட்டும்."

வேற ஆளுங்க எனக்கு ரெடியா இருக்காங்க என்று ஜெகதீசன் சொன்னது இளவரசியின் காதில் ஒலித்தது. நாளைக்குக் காலையில் இவர்கள் கேட்டில் உட்கார்ந்தால், சாயந்தரத்துக்குள் இவர்களில் ஒருத்தருக்கும் வேலை இருக்காது. எல்லாம் இல்லாத ஒரு வீரத்துக்காக.

"வாணாம்பா. சொன்னா கேளுங்க. யாரும் உக்கார வாணாம்" என்றார் சவரிராயன்.

"நீங்க அப்டித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்ணே. அதான் உங்கள கேக்காமலே முடிவு பண்ணிட்டோம்." பச்சைமுத்து சிரித்தான். பிறகு இளவரசியைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "அந்தம்மா போயி மேனேஜருகிட்ட இதையும் சொல்லட்டும். எங்களுக்கு பயமில்ல."

பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டான். லூர்துசெல்விக்கு மட்டும் முகத்தில் ஒரு பெருமை வந்திருந்தது. புருஷனை இத்தனை பேர் சூழ்ந்து நின்று அண்ணே அண்ணே என்று கூப்பிடுவதை அவள் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி போடறேன், எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

சவரிராயன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பச்சைமுத்துவை, மற்றவர்களை, மகனை, மனைவியின் அந்தப் பெருமையை. கண்ணாடி அறையில் ஒருத்தனைக் காப்பாற்றச் சொன்ன பொய். இப்போது அது எல்லோரையும் வாரிக்கொண்டு போகப் பார்த்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கின. அவருக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

பச்சைமுத்துவின் கையில் இருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தார்.

"இளவரசி" என்றார்.

பிரான்சிஸ் சட்டென்று நிமிர்ந்தான். அடுக்களைக்குத் திரும்பிய லூர்துசெல்வி அப்படியே நின்றாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

"நீயே சொல்லிடும்மா இவங்ககிட்ட" என்றார்.

அவ்வளவுதான். ஆட்களை விலக்கிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். பாத்ரூம் தகரக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அறையில் இருந்த எல்லோரும் இளவரசியைப் பார்த்தார்கள். பச்சைமுத்து பார்த்தான். அத்தை பார்த்தாள். சற்று முன் அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னவன், ஒன்றும் புரியாமல், பாதி திறந்த வாயோடு பார்த்தான்.

எதைச் சொல்லச் சொன்னார்? அவர் மூடி வைத்ததையா, இல்லை கேட்டில் உட்காராமல் தடுக்க இன்னொரு பொய்யையா? சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா? அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு அவரும் அங்கே இல்லை.

"சொல்லு" என்றான் பிரான்சிஸ்.

இளவரசி பின்கட்டுக் கதவைப் பார்த்தாள். அது திறக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க" என்று ஆரம்பித்தாள்.